ஐதர் அலி

ஐதர் அலி (பிறப்பு: சுமார் 1720 - இறப்பு: டிசம்பர் 7, 1782) 18ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசை ஆண்ட படைத்தலைவரும் ஆட்சியாளரும் ஆவார். இவர் திப்பு சுல்தானின் தந்தை. மைசூர் அரியணையில் உடையார் மரபினரே அமர்ந்திருந்தாலும், 1761 முதல் இறக்கும் வரை அரசின் முழு அதிகாரமும் இவரிடமே இருந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு எதிராக இரண்டு பெரும் போர்களை நடத்தியவர். இரும்புக் குழாய்களில் வெடிமருந்து அடைத்த வாணங்களைப் போர்க்கருவியாக வளர்த்தெடுத்தவர் என்ற வகையிலும் அறியப்படுகிறார்.

இவர் ஆங்கிலேயருடன் நடத்திய போர்களின் பெரும்பகுதி இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் நிகழ்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள செங்கம், திருவண்ணாமலை, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், ஆரணி ஆகிய ஊர்கள் இப்போர்களின் களங்களாக இருந்தன. எழுதப் படிக்க அறியாத ஐதர் அலி தம் போர்களைப் பற்றித் தம் கையால் எதையும் எழுதிவைக்கவில்லை. அவற்றைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எதிரிகளும் அவையோரும் எழுதியவை. ஆகவே போர்க்களங்களில் மண்ணுக்கடியில் கிடைக்கும் ஈயக் குண்டுகள், இரும்புக் குண்டுகள், வாணக் குழாய்கள் ஆகியவற்றைச் சரியாக இனங்காண்பது இவரது வரலாற்றை அறியும் வழிகளுள் ஒன்றாகும்.

இளமைக்காலம்

ஐதர் அலி இன்றைய கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் உள்ள புதிகோட்டையில் பிறந்தார். இவர் பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியவில்லை. 1717க்கும் 1722க்கும் இடைப்பட்ட பல ஆண்டுகள் கூறப்படுகின்றன. தந்தையான பத்தே முகமது ஒரு படைவீரர். அவர் ஆற்காடு நவாபின் படையில் வாணம் எறியும் வீரர்கள் ஐம்பது பேருக்குத் தலைவராக இருந்தார். பின்னாளில் மைசூர்ப் படைக்குப் பெயர் வாங்கித் தந்த வாணங்கள் இவ்வாறு ஐதர் அலியின் குடும்பத்துக்கு முன்பே பழக்கமானவையாக இருந்தன.

பத்தே முகமது பின்னர் சீராவின் நவாபிடம் பணியாற்றி 1728இல் போரில் இறந்தார். தந்தையை இழந்த ஐதரும் அவருடைய அண்ணன் சாபாசும் வறுமையில் வளர்ந்தனர். மைசூர்ப் படையில் இருந்த உறவினர் ஒருவரின் உதவியால் இருவரும் அவ்வரசின் பணியில் சேர்ந்தனர். ஐதருக்குக் கல்வி கற்கும் வாய்ப்பு அமையவில்லை. ஆயினும் பல மொழிகளைப் பேசக்கூடியவராகவும் அசாத்தியமான நினைவாற்றல் உடையவராகவும் விளங்கினார்.

படைப்பணியில் உயர்வு

1749இல் மைசூர்ப் படை தேவனஹள்ளிக் கோட்டையை முற்றுகையிட்டபோது ஐதர் காட்டிய துணிவு, அமைச்சர் நஞ்சராசரின் கவனத்தை ஈர்த்தது. அதனால் இவர் ஒரு சிறு படைப்பிரிவுக்குத் தலைவரானார். 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே ஐதராபாத் நிசாம் நாசிர் சங் கொல்லப்பட்டபோது ஏற்பட்ட குழப்பத்தில், நிசாமின் கருவூலத்தில் ஒரு பகுதியும் துப்பாக்கிகளும் குதிரைகளும் ஐதரின் ஆட்களிடம் சிக்கின. இச்செல்வத்தைக் கொண்டு இவர் தம் படையைப் பெருக்கினார்.

அடுத்த சில ஆண்டுகள் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நடந்த போர்களில் கழிந்தன. அங்கே பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடும் முறையை ஐதர் நேரில் கண்டார். பயிற்சி பெற்ற காலாட்படையும் விரைவாக நகரும் பீரங்கிகளும் எண்ணிக்கையில் பெரிய குதிரைப்படையையும் வெல்லும் என்பதை உணர்ந்துகொண்டார்.

1755இல் திண்டுக்கல்லின் பவுசுதாராக நியமிக்கப்பட்டார். அங்கே பிரெஞ்சுக் கைவினைஞர்களின் உதவியுடன் படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். 1758இல் பெங்களூர் இவருக்குச் சாகிராக வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெங்களூரை முற்றுகையிட்ட மராட்டியரைப் பின்வாங்கச் செய்தார்.

ஆட்சியைக் கைப்பற்றல்

மைசூரின் மன்னர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அதிகாரம் அமைச்சர்களின் கையில் இருந்தது. படைவீரர்களுக்கு ஊதியம் வழங்க இயலாத நிலையில் ஐதரின் செல்வாக்கு வளர்ந்தது. 1760இல் இவருடைய செயலராக இருந்த கண்டே ராவ் அரண்மனையினருடன் சேர்ந்து இவரை வீழ்த்த முயன்றார். ஐதர் இரவோடிரவாக ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தப்பிப் பெங்களூரை அடைந்து, புதிய படையைத் திரட்டி 1761இல் திரும்பி வந்தார். கண்டே ராவ் சிறைப்பட்டார். மன்னர் அரியணையில் நீடிக்க, ஆட்சி ஐதரிடம் வந்தது.

1763இல் செல்வவளம் மிக்க பெத்னூர் அரசைக் கைப்பற்றினார். அதன் தலைநகரம் இவர் பெயரால் ஐதர்நகர் எனப்பட்டது. அவ்வூர் இன்று நகரா என்று அழைக்கப்படுகிறது. 1766இல் மலபார் மீது படையெடுத்தார்.

படைக்கலன்கள்

ஐதர் அலியின் படை பயன்படுத்திய கருவிகள் ஒரே இடத்தில் செய்யப்பட்டவை அல்ல. மலபார்க் கரையில் உள்ள மாகி துறைமுகத்தின் வழியாகப் பிரெஞ்சுத் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் வந்தன. போர்களில் ஆங்கிலேயரிடமிருந்து பறித்த துப்பாக்கிகளும் பயன்பட்டன. உள்நாட்டுக் கொல்லர்கள் செய்த திரித் துப்பாக்கிகளும் இருந்தன. பாளையக்காரர்கள் அனுப்பிய வீரர்கள் தத்தம் கருவிகளுடனேயே வந்தனர். படையில் பிரெஞ்சு அதிகாரிகளும் பணியாற்றினர்.

வாணப் படை இவரது படையின் தனிச்சிறப்பாகும். அக்காலத்து ஐரோப்பிய வாணங்கள் பெரும்பாலும் தாளாலான குழாய்களைக் கொண்டவை. மைசூர் வாணங்களின் குழாய் இரும்பால் ஆனது. இரும்புக் குழாய் அதிக அழுத்தத்தைத் தாங்கியதால் வாணம் அதிகத் தொலைவு பாய்ந்தது. குழாயை மூங்கில் கழியிலோ வாளின் அலகிலோ கட்டி எறிந்தனர். ஐதர் அலியின் படையில் சுமார் 1,200 வாண வீரர்கள் இருந்ததாகக் கூறப்படுகிறது. திப்புவின் காலத்தில் இவ்வெண்ணிக்கை பல மடங்காகியது.

முதலாம் ஆங்கில-மைசூர்ப் போரும் ஜவ்வாது மலைப் பகுதியும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகும். இதன் மேற்கே பாரமகால் எனப்பட்ட திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி உள்ளது. கிழக்கே ஆற்காட்டுச் சமவெளி விரிந்துள்ளது. மலையின் வடபுறம் பாலாற்றுப் பள்ளத்தாக்கும், தென்புறம் செங்கம் கணவாயும் இவ்விரு பகுதிகளையும் இணைக்கும் வழிகளாகும். மைசூரிலிருந்து ஆற்காட்டுக்கோ, ஆற்காட்டிலிருந்து மைசூருக்கோ படை நடத்துவோர் இவ்விரு வழிகளையே பெரும்பாலும் நாடினர். எனவே ஜவ்வாது மலையைச் சுற்றிய ஊர்கள் அடுத்தடுத்துப் போர்களைக் கண்டன.

செங்கம் போர்

1767இல் ஐதர் அலியும் நிசாம் அலியும் ஆங்கிலேயருக்கு எதிராக ஒன்றிணைந்தனர். ஆகஸ்ட் இறுதியில் ஐதர் காவேரிப்பட்டினத்தைத் தாக்கினார். அப்பகுதியில் இருந்த ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித், உணவுப் பொருள்கள் குறைந்த நிலையில் செங்கம் கணவாய் வழியாகத் திருவண்ணாமலை நோக்கிப் பின்வாங்கினார்.

செப்டம்பர் 3, 1767 அன்று ஐதரும் நிசாமும் கணவாயில் அவரைத் தாக்கினர். கூட்டுப் படை எண்ணிக்கையில் ஸ்மித்தின் படையைவிடப் பல மடங்கு பெரியது. வழிக்கு அருகில் இருந்த மேட்டைப் பிடிக்க இருதரப்பும் முயன்றன. மேடு ஆங்கிலேயர் வசமானது. தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆயினும் இச்சண்டையில் ஸ்மித்தின் படை அரிசி மூட்டைகளை இழந்தது. திருவண்ணாமலையை அடைந்த பின்னும் போதிய உணவு கிடைக்காமல் அலைய நேர்ந்தது.

திருவண்ணாமலைப் போர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த படையுடன் சேர்ந்த ஸ்மித், செப்டம்பர் 25, 26 ஆகிய நாட்களில் திருவண்ணாமலைக்கு அருகே கூட்டுப் படையை எதிர்கொண்டார். நிசாமின் படை குலைந்து ஓடியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் ஆங்கிலேயர் கையில் சிக்கின. ஐதர் தம் படையை ஒழுங்காகப் பின்வாங்கச் செய்தார். இதே நாட்களில் அவருடைய மகன் திப்பு, சுமார் 17 வயதில், குதிரைப்படையுடன் சென்னையின் புறநகர்ப் பகுதிகளைச் சூறையாடிக்கொண்டிருந்தார்.

ஆம்பூரும் வாணியம்பாடியும்

நவம்பர் மாதத்தில் ஐதர் மலையின் மேற்குப் பக்கமாகத் திரும்பி, திருப்பத்தூரையும் வாணியம்பாடியையும் கைப்பற்றினார். பின்னர் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். கால்வர்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் தலைமையில் இருந்த சிறு படை ஏறத்தாழ நான்கு வாரங்கள் தாக்குப்பிடித்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஸ்மித் வந்து முற்றுகையை நீக்கினார். தொடர்ந்து வாணியம்பாடிக்கு அருகே நடந்த மோதலுக்குப் பின் ஐதர் பின்வாங்கினார்.

சென்னை உடன்படிக்கை

1768 பிப்ரவரியில் நிசாம் ஆங்கிலேயருடன் தனியாக உடன்படிக்கை செய்துகொண்டார். ஐதர் தனித்து நின்று போரைத் தொடர்ந்து, இழந்த இடங்களில் பலவற்றை மீட்டார். 1769 மார்ச்சில் விரைவாகச் செல்லும் குதிரைப்படையுடன் பரங்கிமலைப் பகுதியை அடைந்தார். சென்னைக் கோட்டையின் வாசலிலேயே எதிரி நின்றதால் கம்பனி இறங்கிவந்தது. 1769 ஏப்ரலில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இருதரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பித் தரவும், மற்றவர் தாக்கும்போது உதவவும் ஒப்புக்கொண்டன. 1770களின் தொடக்கத்தில் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கம்பனி உதவவில்லை. இதை ஐதர் மறக்கவில்லை.

இக்காலத்தில் சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்கு ஐதர் அலி விருப்பாட்சி, திண்டுக்கல் பகுதியில் அடைக்கலம் அளித்தார். 1780இல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்க இவரது படை உதவியது.

இரண்டாம் ஆங்கில-மைசூர்ப் போர்

1779இல் ஆங்கிலேயர் மாகியைக் கைப்பற்றினர். ஐதர் அலிக்குக் கருவிகள் வந்துகொண்டிருந்த வழி இதனால் அடைபட்டது. 1780 சூலையில் இவர் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட படையுடன் மீண்டும் செங்கம் கணவாய் வழியாகவே ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கினார். சென்னையைச் சுற்றிய ஊர்கள் எரிக்கப்பட்டன. வேளாண் மக்கள் பெருந்துன்பம் அடைந்தனர். போரால் விளைந்த பஞ்சம் அடுத்த சில ஆண்டுகள் நீடித்தது.

செப்டம்பர் 10, 1780 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் தலைமையில் இருந்த சுமார் 3,800 பேர் கொண்ட படை அழிக்கப்பட்டது. வாணங்களின் தாக்குதலில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததே தோல்விக்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி எக்டர் மன்ரோ தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அதே ஆண்டின் இறுதிக்குள் ஆற்காடு ஐதர் வசமானது.

1781இல் ஐர் கூட்டின் தலைமையில் ஆங்கிலேயப் படை போரிட்டது. பரங்கிப்பேட்டையிலும் (சூலை 1), புள்ளலூரிலும் (ஆகஸ்ட் 27), சோளிங்கரிலும் (செப்டம்பர் 27) ஐதர் பின்வாங்க நேர்ந்தது. ஜவ்வாது மலைக்குக் கிழக்கே உள்ள ஆரணி, ஐதரின் உணவுப் பொருள்களும் வெடிமருந்தும் சேமிக்கப்பட்ட இடமாக இருந்தது. 1782 சூன் 2 அன்று அங்கும் போர் நடந்தது. ஆனால் கூட்டால் ஆரணியைக் கைப்பற்ற இயலவில்லை.

இறப்பு

முதுகில் தோன்றிய கட்டியால் நோயுற்ற ஐதர் அலி, டிசம்பர் 7, 1782 அன்று சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் இருந்த பாசறையில் காலமானார். திப்பு அப்போது மலபாரில் இருந்தார். அவர் வந்து சேரும் வரை இறப்புச் செய்தி மறைக்கப்பட்டது. உடல் முதலில் கோலாரில் வைக்கப்பட்டுப் பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே திப்பு கட்டிய கல்லறை மாடம் கும்பசு எனப்படுகிறது.

ஆட்சியும் மதிப்பீடும்

ஐதர் அலி சமய வேறுபாடு பாராமல் திறமையுள்ளோரை உயர் பதவிகளில் அமர்த்தினார். பெங்களூரில் உள்ள லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவர் இவரே. இவர் வெளியிட்ட பொன் நாணயங்களில் ஒருபுறம் சிவன், பார்வதி உருவங்களும் மறுபுறம் இவர் பெயரின் முதல் பாரசீக எழுத்தும் காணப்படுகின்றன. மறுபுறம், இவரது படையெடுப்புகள் மலபாரிலும் தமிழகத்திலும் பொதுமக்களுக்குப் பேரழிவை விளைத்தன.

இவரது வாழ்க்கையை எழுதியோரில் கிர்மானி, திப்புவின் பணியில் இருந்தவர். மார்க் வில்க்சு ஆங்கிலேயப் படை அதிகாரி. தெ லா தூர் இவரிடம் பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர். மூவரும் தத்தம் நிலையிலிருந்தே நிகழ்ச்சிகளை விவரித்துள்ளனர். படைகளின் எண்ணிக்கை, இறந்தோர் தொகை, யார் எங்கே நின்றனர் என்பன போன்ற செய்திகளில் நூல்களிடையே வேறுபாடுகள் உண்டு. இவற்றைச் சரிபார்க்க உதவக்கூடிய சான்று போர்க்களத்தின் மண்ணில்தான் உள்ளது.

போர்க்கள எச்சங்களை இனங்காணல்

ஐதர் அலியின் நாணயத்தை அதிலுள்ள எழுத்தைக் கொண்டு எளிதில் அறியலாம். அவருடைய வீரர்கள் சுட்ட குண்டில் எந்த எழுத்தும் இல்லை. எடை, விட்டம், உலோகம், மேற்பரப்பில் உள்ள தடயங்கள், கிடைத்த இடம் ஆகியவற்றைக் கொண்டே அதை இனங்காண வேண்டும்.

ஈயக் குண்டுகள்

18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிக் குண்டு உருண்டை வடிவிலான ஈயமாகும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த ஈயத்தின் மேல் வெண்மையான அல்லது சாம்பல் நிறமான படலம் படிந்திருக்கும். இருபாதி அச்சில் வார்க்கப்பட்டதால் குண்டைச் சுற்றி மெல்லிய பொருத்துவரி தெரியும். ஈயம் ஊற்றிய துளையின் காம்பை வெட்டிய தழும்பும் காணப்படும். இவை தெளிவாக இருந்தால் அது சுடப்படாமல் கீழே விழுந்த குண்டாக இருக்கலாம். சுடப்பட்ட குண்டில் துப்பாக்கிக் குழாய் உரசிய பட்டையோ, இலக்கில் மோதித் தட்டையான பக்கமோ இருக்கும். நடுவில் துளையுடைய ஈய உருண்டைகள் பெரும்பாலும் மீன்வலையில் கட்டும் ஈயங்களாகும்.

ஆங்கிலேயக் காலாட்படையின் துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம். அதில் இட்ட குண்டின் விட்டம் சுமார் 17.5 மில்லிமீட்டர், எடை சுமார் 32 கிராம். பிரெஞ்சுத் துப்பாக்கியின் உள்விட்டம் ஏறத்தாழ 0.69 அங்குலம். அதன் குண்டு 16 முதல் 16.5 மில்லிமீட்டர் விட்டமும் 24 முதல் 27 கிராம் எடையும் கொண்டது. உள்நாட்டுத் திரித் துப்பாக்கிகளுக்கு ஒரே அளவு கிடையாது. அவற்றின் குண்டுகள் பல அளவுகளில் அமைந்தன.

மோதி நசுங்கிய குண்டின் விட்டத்தை அளக்க இயலாது. ஆனால் எடை பெரும்பாலும் மாறாமல் இருக்கும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்பதால் எடையிலிருந்து பழைய விட்டத்தைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 25 கிராம் எடையுள்ள நசுங்கிய குண்டு முதலில் சுமார் 16 மில்லிமீட்டர் விட்டம் கொண்டிருக்கும். வார்க்கும்போது உள்ளே ஏற்பட்ட காற்றறைகளும் மண்ணில் ஏற்பட்ட அரிப்பும் இக்கணக்கைச் சிறிது மாற்றக்கூடும். அமெரிக்க விடுதலைப் போரின் மான்மத் களத்தில் (1778) கிடைத்த குண்டுகளுக்கு இம்முறை பெரிதும் பயன்பட்டது.

பீரங்கிக் குண்டுகள்

பீரங்கிக் குண்டுகள் எடையால் பெயர் பெற்றவை. ஆங்கிலேயரின் ஆறு பவுண்டு இரும்புக் குண்டு சுமார் 2.7 கிலோகிராம் எடையும் 9 சென்டிமீட்டர் விட்டமும் உடையது. பழைய பிரெஞ்சுப் பவுண்டு சுமார் 489 கிராம், ஆங்கிலேயப் பவுண்டு சுமார் 454 கிராம். ஆகவே ஒரே எண்ணால் குறிக்கப்படும் குண்டுகளில் பிரெஞ்சுக் குண்டு சற்றுக் கனமானது. வார்ப்பிரும்புக் குண்டில் அச்சின் வரி இருக்கும். உள்நாட்டில் அடித்துச் செய்த இரும்புக் குண்டு முழு உருண்டையாக இராமல் சம்மட்டியின் தடங்களைக் காட்டும். துருப்பிடித்த இரும்பு எடையை இழப்பதால் எடையை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது.

வாணக் குழாய்கள்

மைசூர் வாணங்களின் இரும்புக் குழாய்கள் ஐதர்நகர் எனப்பட்ட நகராவில் பெருமளவில் கிடைத்துள்ளன. அங்கே 2002இல் கிடைத்த இரும்புக் குழாய்கள் வாணங்கள் எனப் பல ஆண்டுகள் கழித்தே உணரப்பட்டன. 2018இல் கர்நாடகத் தொல்லியல் துறை அவ்வூரின் பாழடைந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களை எடுத்தது. துருப்பிடித்த இரும்புக் குழாயைப் பயனற்ற பழைய இரும்பு என்று கருதி எறிந்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை இது காட்டுகிறது.

பிந்திய காலத்துக் குண்டுகள்

பழைய குண்டு என்று கருதப்படும் அனைத்தும் ஐதர் அலி காலத்தவை அல்ல. கூம்பு வடிவமும் சுற்றுப் பள்ளங்களும் உள்குழிந்த அடியும் கொண்ட ஈயக் குண்டுகள் 1849இல் மினியே என்ற பிரெஞ்சு அதிகாரி உருவாக்கிய வகையைச் சேர்ந்தவை. 1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கியின் குண்டுகளும் கூம்பு வடிவமும் உள்குழிந்த அடியும் கொண்டவை. பித்தளைத் தோட்டாக்கள் 1860களுக்குப் பிற்பட்டவை. செம்பும் நிக்கலும் கலந்த உறையிட்ட குண்டுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவை.

உருண்டையான ஈயக் குண்டு என்றால் அது உறுதியாகப் பழமையானது என்றும் சொல்ல இயலாது. ஆங்கிலேயக் காலாட்படை நூறாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ ஒரே விட்டமுள்ள துப்பாக்கிகளைப் பயன்படுத்தியது. மலைப்பகுதிகளில் வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் 20ஆம் நூற்றாண்டிலும் வழங்கின. அவற்றின் குண்டும் உருண்டையே.

இடத்தின் முதன்மை

ஓர் ஈயக் குண்டு ஆங்கிலேய அளவில் இருப்பதால் அதைச் சுட்டவர் ஆங்கிலேயரின் வீரர் என்று ஆகாது. ஐதரின் வீரர்கள் பறித்த ஆங்கிலேயத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தினர். பிரெஞ்சு அளவுக் குண்டு ஐதரின் படையுடையதாகவோ பிரெஞ்சுப் படையுடையதாகவோ இருக்கலாம். ஈயத்தின் வேதியியல் ஆய்வு அது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதை ஓரளவு காட்டக்கூடும். ஆனால் பல இடங்களில் வாங்கிய ஈயத்தை ஒன்றாக உருக்கி வார்த்திருந்தால் அதுவும் குழம்பிவிடும்.

ஆகவே ஒரு குண்டைவிட, பல குண்டுகள் கிடந்த ஒழுங்கே அதிகம் சொல்லும். சுடப்படாத குண்டுகள் ஒரு வரிசையிலும், மோதி நசுங்கியவை எதிரே ஒரு மேட்டின் சரிவிலும் கிடைத்தால் இருதரப்பும் நின்ற இடங்களை அறியலாம். அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் (1876) 1983இல் புல் எரிந்தபின் நடத்தப்பட்ட ஆய்வில், தோட்டாக்களும் குண்டுகளும் கிடந்த இடங்கள் ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறிக்கப்பட்டன. அதனால் வீரர்கள் நகர்ந்த வழிகளும் நீண்டகாலமாக நம்பப்பட்ட விவரங்களில் இருந்த பிழைகளும் தெரியவந்தன. செங்கம் கணவாயில் இருதரப்பும் போட்டியிட்ட மேடு எது, தாக்குதல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது போன்ற கேள்விகளுக்கும் இவ்வகை ஆய்வு விடை தரக்கூடும்.

உலோகம் காட்டும் கருவியைக் கொண்டு நினைவுப்பொருள் தேடுவோர் குண்டுகளைப் பொறுக்கிச் சென்றால் இந்த ஒழுங்கு அழிந்துவிடும். எடுத்த குண்டைப் பின்னர் அருங்காட்சியகத்தில் கொடுத்தாலும், அது கிடந்த இடத்தை மீண்டும் பெற இயலாது.

சட்டமும் பாதுகாப்பும்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எப்பொருளையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை உரிமமின்றி விற்பதையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் தடைசெய்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றி அகழ்தலும் குற்றமாகும்.

தற்செயலாக உழும்போதோ கிணறு வெட்டும்போதோ குண்டு கிடைத்தால், அதைத் தேய்த்துத் துலக்காமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ அறிவிப்பது முறையாகும். உள்ளீடற்ற பழைய பீரங்கிக் குண்டினுள் வெடிமருந்து எஞ்சியிருக்கலாம். தோட்டாக்களும் வெடிக்கக்கூடும். அவற்றைத் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஈயம் நச்சுத்தன்மை உடையதாதலால் தொட்டபின் கைகளைக் கழுவுதல் நலம்.

நினைவுச் சின்னங்கள்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரில் 1780ஆம் ஆண்டுப் புள்ளலூர்ப் போர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. புள்ளலூரில் 1781இல் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நினைவுத்தூண்கள் உள்ளன. சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அக்காலப் படைக்கலன்களைக் காணலாம்.

செங்கம் பகுதியும் ஜவ்வாது மலையும் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் இறந்த வீரர்களின் பெயரும் செயலும் அக்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே நிலத்தில், ஐதர் அலியின் பக்கமும் கம்பனியின் பக்கமும் நின்று இறந்த எண்ணற்ற சிப்பாய்களுக்கு அவ்வாறு கல் எடுப்பார் இல்லை. நூல்களிலும் அவர்கள் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றனர். அவர்கள் நின்ற இடத்தையும் விழுந்த இடத்தையும் காட்டக்கூடிய அடையாளமாக எஞ்சியிருப்பவை மண்ணில் கிடக்கும் அந்த ஈயக் குண்டுகளே.